குழந்தைகளுக்கான 'வளர்ச்சிப் பெட்டி' சந்தா: பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை பயன்படுத்திப் பார்த்ததில்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் வரும் பொருட்களில் பாதிக்கு மேல் அருமை, கூட வரும் கையேடு பரவாயில்லை, ஆப் தேவையில்லை, வீடியோக்களைத் திறக்கவே வேண்டாம். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இப்போது இந்த மாதிரி வயதுவாரியாகப் பெட்டி அனுப்பும் நிறுவனங்கள் நிறைய வந்துவிட்டன, உள்ளே வருவதும் ஏறக்குறைய ஒரே சரக்குதான், அதனால் நீங்கள் எதை வாங்க யோசித்துக்கொண்டிருந்தாலும் இங்கே எழுதுவது பெரும்பாலும் பொருந்தும்.

தெரியாதவர்களுக்காக: சந்தா கட்டினால் இரண்டு மாதத்துக்கு ஒரு பெட்டி வீட்டுக்கு வரும். உள்ளே அந்த வயதுக்கான சில விளையாட்டுப் பொருட்கள், ஒரு சின்னக் கையேடு. ஆப்பில் வீடியோக்கள், 'இந்த வாரம் குழந்தை இதைச் செய்ய வேண்டும்' என்ற பட்டியல். எல்லாவற்றின் மேலும் 'மூளை வளர்ச்சிக்கு' என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். பிறக்கும்போது பெரியவர்களுடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும் மூளை, இரண்டு வயதுக்குள் எண்பது சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. அதைப் படித்துவிட்டால் புதிதாகப் பெற்றவர்களுக்குத் தூக்கம் போய்விடும், இந்தக் காலத்தை வீணாக்கிவிடுவோமோ என்று தோன்றும், கை தானாகச் சந்தா பட்டனுக்குப் போகும். அப்படிப் பயந்துபோய் வாங்க வேண்டிய பொருள் இது இல்லை. நான் ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்: இதை வைத்துக் குழந்தை ஏதாவது செய்கிறாளா, அவள் செய்ததற்கு எங்கிருந்தாவது பதில் வருகிறதா? அந்தக் கேள்வியில் தேறியது எல்லாம் எங்கள் வீட்டில் நின்றது, தேறாதது எல்லாம் பரணுக்குப் போனது.

முதல் பெட்டியில் கறுப்பு வெள்ளை அட்டைகள். கோடுகள், கட்டங்கள், வட்டத்துக்குள் வட்டம். இவை வேலை செய்கின்றன, சந்தேகமே இல்லை. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும், அதற்கு அப்பால் எல்லாம் மங்கல். வெளிர் நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதும் கஷ்டம், நிறப் பார்வை மூன்று நான்கு மாதம் வாக்கில்தான் சரியாகிறது. வெறும் வண்ணத் தட்டைவிடக் கோலமும் கோடுமாக இருப்பதைத்தான் பச்சைக் குழந்தைகள் அதிக நேரம் பார்க்கின்றன என்று ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற உளவியலாளர் 1960களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார், அதிலும் முகம் போன்ற வடிவத்தை. இந்த இடத்தில்தான் கையேட்டின் மேல் எனக்குக் குறை. அட்டையைக் காட்டுங்கள் என்கிறதே தவிர, பால் கொடுக்கும்போது அம்மாவின் முகம் இருப்பதும் அதே 20-30 சென்டிமீட்டர் தூரத்தில்தான், நெற்றிக்கும் முடிக்கும் நடுவே உள்ள கோடும் கண்ணின் கருமையும் வெண்மையும் அட்டையில் இருக்கும் அதே கறுப்பு வெள்ளைதான் என்று ஒரு வரி போடவில்லை. போட்டிருந்தால் எத்தனையோ பேருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இன்னொன்று, அட்டையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் குழந்தை திடீரென்று முகத்தைத் திருப்பும், கொட்டாவி விடும், விக்கல் எடுக்கும், விரல்களை விரித்து நெளியும். போதும் என்று அது சொல்வது அப்படித்தான். அந்த நேரத்தில் அட்டையையும் கூடவே திருப்பிக்கொண்டு போய் மறுபடி கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது. கொஞ்சம் விட்டால் தானே திரும்பி வந்து பார்க்கும். ஒரு கட்டு அட்டை தேவையில்லை, மூன்று நான்கு இருந்தால் தாராளம்.

இரண்டாவது பெட்டியில் வந்த தொங்கு பொம்மைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் அவர்கள் சொன்னபடி பயன்படுத்தியதால் அல்ல. மேலே ஒரு மோட்டார், பட்டனைத் தட்டினால் பாட்டோடு சுற்றும். குழந்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மோட்டாரைக் கழற்றிவிட முடிகிறது என்பதுதான் இதன் நல்ல விஷயம். கரோலின் ரோவீ-கோலியர் என்ற உளவியலாளர் பல வருடம் செய்த சோதனை ஒன்று உண்டு: குழந்தையின் கணுக்காலில் ஒரு ரிப்பனைத் தளர்வாகக் கட்டி மறுமுனையைத் தொங்கு பொம்மையில் கட்டிவிடுவார்கள், கால் உதைத்தால் பொம்மை ஆடும். சில நிமிஷத்திலேயே குழந்தை உதைப்பதைக் கூட்டிவிடும். அதைவிட ஆச்சரியம், மூன்று மாதக் குழந்தை ஒரு வாரம் கழித்து அதே பொம்மையைக் காட்டினால் நினைவு வைத்து உதைக்கும், ஆறு மாதக் குழந்தை இரண்டு வாரம்வரை நினைவு வைக்கும். நாங்களும் ரிப்பன் கட்டிப் பார்த்தோம். முதலில் இரண்டு காலையும் சும்மா ஆட்டிக்கொண்டிருந்தாள், பொம்மை குலுங்கியதும் அப்படியே நின்றாள், கண் அகலமானது, மறுபடி ஒரு உதை, மறுபடி நிறுத்தம். அப்புறம் கட்டியிருந்த இடது கால் மட்டும் வேலை செய்ய ஆரம்பித்தது, வலது கால் அடங்கிவிட்டது. தான் செய்தால் உலகத்தில் ஒன்று நடக்கிறது என்பதை ஒரு குழந்தை கண்டுபிடிப்பதை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கலாம், எந்த மோட்டாரும் அதைத் தராது. ஒரு எச்சரிக்கை: கயிறு, ரிப்பன் எதுவானாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது மட்டும், ஆட்டம் முடிந்ததும் உடனே அவிழ்த்து எடுத்துவிட வேண்டும். தொட்டிலில் கயிறு எதையும் விட்டுவைக்கவே கூடாது. எழுந்து உட்காரப் பார்க்கும் வயது வந்துவிட்டால் தொங்கு பொம்மையையே இறக்கிவிடுங்கள்.

குப்புறப் படுக்க ஒரு விரிப்பு, அதன் ஓரத்தில் உடையாத கண்ணாடி. இது நல்ல பொருள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் கொடுத்த வழிகாட்டுதலில், இன்னும் நகர ஆரம்பிக்காத குழந்தைகளை விழித்திருக்கும்போது நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து மொத்தம் அரை மணி நேரமாவது குப்புறப் போடச் சொல்கிறது. கழுத்து, தோள், கை எல்லாம் அதில்தான் பலம் பெறுகின்றன. தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எங்கள் மகளுக்கு விரிப்பு பிடிக்கவில்லை, போட்ட உடனே அழுகை. நான் மல்லாந்து படுத்து அவளை என் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டால் தலையைத் தூக்கித் தூக்கி என் முகத்தைப் பார்ப்பாள், அழுகை இல்லை. அதுவும் கணக்கில் வரும். விரிப்பு பிறகுதான் பயன்பட்டது, கண்ணாடி இருக்கும் பக்கம் உருண்டுபோகக் கற்றுக்கொண்டபோது.

கிலுகிலுப்பை, சரசரக்கும் துணி, மர வளையம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கின்றன, எல்லாம் வாய்க்குத்தான் போகும், போகட்டும். அந்த வயதில் ஒரு பொருளின் வழவழப்பும் சொரசொரப்பும் கையைவிட வாய்க்குத்தான் சீக்கிரம் புரிகிறது. வாய்க்குள் முழுதாக நுழையும் அளவு சின்னதாக எதுவும் இல்லாமலிருந்தால் சரி.

எலக்ட்ரானிக் மேளம் ஒன்று வந்தது. தட்டினால் விளக்கு எரியும், பாடும், எண் சொல்லும், மிருகங்களின் பெயர் சொல்லும். பார்க்கக் கவர்ச்சி, பயன் மிகக் குறைவு. அன்னா சோசா என்பவர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இது பற்றித்தான்: 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர், பெற்றோரோடு வீட்டில் விளையாடுவதை ஒலிப்பதிவு செய்தார்கள். எலக்ட்ரானிக் பொம்மை, கட்டை மாதிரியான சாதாரண பொம்மை, புத்தகம் என்று மூன்று வகை. எலக்ட்ரானிக் பொம்மை இருந்தபோது பெற்றோர் பேசியதும் குறைவு, குழந்தைக்கும் அவர்களுக்கும் நடுவே நடந்த பேச்சு மாற்றமும் குறைவு, குழந்தை எழுப்பிய சத்தமும் குறைவு. புத்தகத்தோடு உட்கார்ந்தபோதுதான் பேச்சு அதிகம். வீட்டில் கவனித்தால் காரணம் தெரியும். மேளம் 'பசு' என்று சொல்லிவிட்டால் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போகிறது, வாயை மூடிக்கொண்டு நாமும் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். பேட்டரியைக் கழற்றிய பிறகு அதே மேளம் நல்ல மேளமாகிவிட்டது. அவள் ஒரு தட்டு தட்டுவாள், நான் ஒரு தட்டு தட்டுவேன், அவள் என் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பாள்.

இப்போது ஃபிளாஷ் கார்டும் வீடியோவும். இங்கே நான் கொஞ்சம் காட்டமாகத்தான் எழுதுவேன். ஒரு வயதை நெருங்கும்போது வந்த பெட்டியில் சொல் அட்டைகள் ஒரு பெரிய கட்டு, ஆப்பில் அவற்றுக்கான வீடியோ, 'ஒரு வயதுக்குள் படிக்கத் தொடங்கும்' என்ற வாக்குறுதி. அதோடு 'பல மொழி ஒலிகள்' என்று ஒரு பகுதி, தினமும் போட்டுக் காட்டினால் குழந்தையின் காது எல்லா மொழிக்கும் திறந்திருக்குமாம்.

இதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். ஜேனட் வெர்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள 'த', 'ட' ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். நமக்கு அந்த இரண்டும் தண்ணீர்பட்ட பாடு, ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அந்த வித்தியாசத்தைச் சட்டென்று பிடித்தன. பத்து பன்னிரண்டு மாதம் ஆனபோது அந்தத் திறன் பெருமளவு குறைந்துவிட்டது, வீட்டில் கேட்கும் மொழிக்கே காது பழகிவிடுகிறது. இதுவரை ஆப் சொல்வது சரி. ஆனால் ஒலியைப் போட்டுக் காட்டினால் போதுமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது, அதை அவர்கள் சொல்வதில்லை. பட்ரீஷியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்டது: ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் ஒரு பிரிவினருக்கு மாண்டரின் என்ற சீன மொழி பேசுபவர்கள் நேரில் வந்து உட்கார்ந்து 12 முறை, ஒவ்வொரு முறையும் 25 நிமிஷம்போல, புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில். வேறொரு பிரிவுக்கு வெறும் குரல். நேரில் விளையாடிய குழந்தைகள் மாண்டரின் ஒலி வேறுபாட்டைக் கற்றுக்கொண்டன. திரையில் பார்த்தவையும் குரல் மட்டும் கேட்டவையும் எதையும் கற்கவில்லை, மாண்டரினையே கேட்காத குழந்தைகளுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வார்த்தை கற்பதிலும் இதே கதைதான். ஜூடி டிலோச் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு விற்பனையில் இருந்த ஒரு வார்த்தை வீடியோவை நான்கு வாரம் காட்டினார்கள். வீடியோ பார்த்தவர்கள் பார்க்காதவர்களைவிட அதிகமாக எதுவும் கற்கவில்லை. வீடியோவே இல்லாமல், அந்த வார்த்தைகளை அன்றாடப் பேச்சில் உங்களுக்குத் தோன்றியபடி சொல்லிக்கொடுங்கள் என்று பெற்றோரிடம் விட்ட பிரிவுதான் அதிகம் கற்றது. இதில் என்னை உறுத்தியது வேறு ஒன்று, எந்தப் பெற்றோருக்கு வீடியோ ரொம்பப் பிடித்திருந்ததோ அவர்கள்தான் தங்கள் குழந்தை அதிலிருந்து நிறையக் கற்றதாக நம்பினார்கள். சூசன் நியூமன் குழுவினரின் 2014 ஆய்வில் 117 குழந்தைகளை வைத்து, ஒன்பது மாதம் முதல் பதினெட்டு மாதம் வயதுள்ளவர்கள், ஏழு மாத காலம் வீட்டில் படிக்கக் கற்றுத்தரும் வீடியோவும் அட்டைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். யாரும் படிக்கக் கற்கவில்லை. பெற்றோர் மட்டும் கற்றுவிட்டதாக நினைத்தார்கள். அதனால் 'என் குழந்தை பதினோரு மாதத்தில் படிக்கிறது' என்று இந்தப் பெட்டிகளின் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருப்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை, மனசார நம்பித்தான் எழுதுகிறார்கள், ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள்.

திரை என்றாலே ஆகாது என்றும் அர்த்தமில்லை. தூரத்தில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவது வேறு விஷயம். அங்கே குழந்தை கையாட்டினால் அந்தப் பக்கமும் கை ஆடுகிறது, சிரித்தால் சிரிப்பு வருகிறது. இரண்டு இரண்டரை வயதுக் குழந்தைகள் புதிய வினைச்சொற்களை நேரிலும் கற்கின்றன, வீடியோ காலிலும் கற்கின்றன, பதிவு செய்த வீடியோவில் கற்பதில்லை என்று 2014இல் ஒரு ஆய்வு வந்தது. எங்கள் வீட்டில் தாத்தா கூப்பிட்டு 'எங்கடா கண்ணு உன் மூக்கு?' என்பார், இவள் மூக்கைத் தொட்டதும் அவர் கைதட்டுவார், இரண்டு பக்கமும் அவ்வளவு சந்தோஷம். ஆப்பில் இருக்கும் அக்காவும் மூக்கு எங்கே என்றுதான் கேட்கிறாள், இவள் காலைத் தொட்டாலும் 'சபாஷ்!' என்கிறாள். குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. ஒரு வயதுக்குக் கீழ் திரை வேண்டாம், இரண்டு வயதில்கூட ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். இப்படி இருக்க, மூன்று மாதக் குழந்தைக்கு வீடியோ அனுப்பும் நிறுவனத்தை என்ன சொல்வது.

ஃபிளாஷ் கார்டைத் தூக்கிப் போட வேண்டாம். அவள் ஒரு அட்டையை எடுத்து வந்து காட்டினால் அதைப் பற்றிப் பேசினோம், நாங்கள் வரிசையாகக் காட்டிக் கேள்வி கேட்பதை நிறுத்தினோம். ஏறக்குறைய ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றேகால் வயதுக்குள் குழந்தைகள் விரலை நீட்டிக் காட்ட ஆரம்பிக்கின்றன. அந்த விரல் போகும் இடத்தில் நம் கண்ணும் போய், அங்கே இருப்பதன் பெயரை அந்த நொடியே சொன்னால் அது ஒட்டிக்கொள்கிறது. நாம் காட்டும் பக்கம் அதன் கண்ணை இழுத்து வந்து சொல்வது அவ்வளவு ஒட்டுவதில்லை.

எட்டு மாதப் பெட்டியில் இருந்த மரப்பெட்டிதான் இந்தச் சந்தாவிலேயே சிறந்த பொருள். மேலே ஓட்டை, பந்தைப் போட்டால் மறைந்துபோகும், முன்பக்கத் தட்டில் உருண்டு வரும். கண்ணில் படாத பொருளும் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்பது குழந்தைக்கு எப்போது புரிகிறது என்பது பெரிய விவாதம். குழந்தை உளவியலாளர் பியாஜே எட்டு மாதம் வாக்கில்தான் என்றார், ஏனென்றால் அதற்கு முன் துணியால் மூடிய பொம்மையைக் குழந்தை தேடி எடுப்பதில்லை. ரெனே பைலார்ஜான் 1980களில், கையால் எடுப்பதை விட்டுவிட்டு எவ்வளவு நேரம் வியந்து பார்க்கிறது என்பதை வைத்து, மூன்றரை நான்கு மாதத்திலேயே ஓரளவு தெரிகிறது என்று காட்டினார். விவாதம் இருக்கட்டும், இந்தப் பெட்டியோடு ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் எதற்காக ஆராய்ச்சியாளர்கள் இதில் ஆயுளைச் செலவிடுகிறார்கள் என்று தெரியும். ஆரம்பத்தில் பந்து ஓட்டைக்குள் போனதும் இவள் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள், தட்டில் வந்து நின்றதைப் பார்க்கவே மாட்டாள். சில வாரம் கழித்துப் பந்தைப் போட்ட கையோடு தலை தட்டுப் பக்கம் திரும்பிவிடும், பந்து வருவதற்கு முன்னாலேயே. அப்புறம் ஒரு நாள் பந்துக்குப் பதில் சாக்ஸைத் திணித்துவிட்டுத் தட்டைப் பார்த்துக் காத்திருந்தாள். சாக்ஸ் வரவில்லை. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி உள்ளே பார்த்தாள். ஒரு கணிப்பு வைத்து, சோதித்து, அது பொய்த்துப்போய், காரணம் தேடுவது அத்தனையும் பேச்சு வராத ஒரு ஜீவனிடம். இந்த ஒரு பொருளைத் தனியாக விற்றால் யோசிக்காமல் வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுச் செய்தாலும் சரிதான், குழந்தை வித்தியாசம் பார்க்காது.

அடுக்குக் கிண்ணங்களும் நெடுநாள் வந்தன. ஆறு மாதத்தில் தட்டிச் சத்தம் எழுப்ப, ஒரு வயதில் ஒன்றுக்குள் ஒன்று போட, ஒன்றரை வயதில் அடுக்கி இடிக்க. இடிப்பதற்கு நாங்கள் மறுபடி மறுபடி அடுக்கிக் கொடுத்தோம், அதில் அவளுக்கு அலுப்பே வரவில்லை.

ஒரு குறை, அளவு. இரண்டு மாதத்துக்கு ஒரு பெட்டி என்றால் ஒரு வயதுக்குள் வீட்டில் பொம்மைக் கடைதான். 2018இல் வந்த ஒரு ஆய்வில், அறையில் 16 பொம்மை இருந்தபோதைவிட 4 பொம்மை மட்டும் இருந்தபோது சின்னக் குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடின. நாங்கள் நான்கைந்தை மட்டும் வெளியே வைத்துவிட்டு மீதியை உள்ளே வைத்தோம், வாராவாரம் மாற்றினோம். கையேட்டில் இந்த யோசனை இல்லை, இருந்தால் அடுத்த பெட்டி எதற்கு என்று யாராவது கேட்டுவிடுவார்களே.

நடைப் பருவத்துக்குத் தள்ளுவண்டி ஒன்று அனுப்பினார்கள், கனமாக, சக்கரம் மெதுவாக உருளும்படி இருந்தது, நல்ல தயாரிப்பு. ஆனால் கூடவே உட்கார்ந்தபடி உருளும் வாக்கரைத் தள்ளுபடியில் வாங்கச் சொல்லி ஒரு துண்டுச்சீட்டு. அதை வாங்காதீர்கள். அது நடக்கக் கற்றுத்தருவதில்லை, படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் விபத்துகளுக்குப் பேர்போனது, கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. குழந்தை நடக்கக் கற்பது விழுந்துதான். கரென் அடால்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட கணக்குப்படி, 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தன்பாட்டில் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2368 அடி எடுத்து வைக்கின்றன, 17 முறை விழுகின்றன. அவ்வளவு விழுந்தும் எழுந்து போகின்றன. வெறும் காலும், வழுக்காத தரையும், கூரான மூலை இல்லாத அறையும் போதும்.

சரி, ஆப். என் பெரிய மனக்குறையே இதன் மேல்தான், தயவுசெய்து இந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள். எங்கள் மகள் ஒரு மாதத்துக்கும் மேல் முன்கூட்டியே பிறந்தவள். ஆப் கேட்டது பிறந்த தேதி மட்டும்தான், பிரசவம் எதிர்பார்த்த தேதியைக் கேட்கவே இல்லை. முன்கூட்டியே பிறந்த குழந்தைகளுக்கு, எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டுத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும், பொதுவாக இரண்டு வயதுவரை அப்படித்தான் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இது தெரியாத ஆப் எங்களுக்கு வாராவாரம் சிவப்புக் குறி போட்டு 'உங்கள் குழந்தை பின்தங்கியிருக்கிறாள்' என்று அனுப்பிக்கொண்டிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அந்தச் செய்தியைப் பார்க்கும் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும் என்று ஆப் செய்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, 'இவ வயசுக்கு இவ நல்லாத்தாம்மா இருக்கா, அந்த ஆப்பை முதல்ல எடுங்க' என்றார்.

நிறை மாதக் குழந்தைகளுக்கும் இந்தக் கணக்கு சரியில்லை. 'பன்னிரண்டு மாதம்: நடக்க வேண்டும்' என்று ஒரே தேதி. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கிய வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்து கிடக்கிறது. பிடிமானமில்லாமல் உட்கார 3.8 முதல் 9.2 மாதம். கை முழங்கால் ஊன்றித் தவழ 5.2 முதல் 13.5 மாதம், அதிலும் நூற்றுக்கு நான்கு பேர் அப்படித் தவழவே இல்லை, நேராக எழுந்து நடந்துவிட்டார்கள். இவ்வளவு அகலமான சாலையை ஒற்றைக் கோடாக்கிக் காட்டினால் பாதிப் பேருக்கு வீண் பயம், மீதிப் பேருக்கு வீண் பெருமை.

அதே சமயம் உண்மையில் கவனிக்க வேண்டியதை ஆப் எங்கோ அடியில் புதைத்து வைத்திருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்: சத்தத்துக்குத் திரும்பாமல் இருந்தால், ஒரு வயது ஆகியும் மழலை பேசாமல், கையாட்டுவது, விரல் நீட்டுவது எதுவும் இல்லாமல் இருந்தால், 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட வராவிட்டால், இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லாவிட்டால், 18 மாதமாகியும் நடக்காவிட்டால், எல்லாவற்றுக்கும் மேலாக எந்த வயதிலானாலும் ஏற்கெனவே வந்த பேச்சோ சிரிப்போ பழக்கமோ காணாமல் போனால், 'தானா வந்துடும்' என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்கும் சோதனையைப் பிறந்த ஒரு மாதத்துக்குள் செய்துவிடுவது நல்லது. குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் சிகிச்சையோ பயிற்சியோ தொடங்குவதுதான் பேச்சு வளர்ச்சிக்கு நல்லது. எந்த விளையாட்டுப் பெட்டியும் இந்த இடத்தில் உதவாது.

ஆப் பற்றி இன்னொன்று. குழந்தை செய்வதையெல்லாம் அப்போதைக்கப்போது பதிவு செய்யச் சொல்கிறது, பதிவு செய்தால் புள்ளிகள். அதற்கு போனைப் பார்க்க வேண்டும், அந்த நேரம் நம் முகம் உறைந்துபோகிறது. எட்வர்ட் ட்ரானிக் 1970களில் செய்த சோதனை இருக்கிறதே, தாய் குழந்தையோடு கொஞ்சி விளையாடிவிட்டுத் திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் சில நிமிஷம் உட்கார வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், சத்தம் போடும், கையை நீட்டும், ஒன்றும் பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுவிடும் அல்லது அழும். சில மாதக் குழந்தைக்கே பதில் வராதது அவ்வளவு பெரிய விஷயம். எப்போதாவது போனைப் பார்ப்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது, எல்லோரும் பார்க்கத்தான் செய்கிறோம். ஆனால் குழந்தை 'ங்கா' என்று கூப்பிடும் அந்த நொடியைப் பதிவு செய்வதற்காக, அந்த 'ங்கா'வுக்குப் பதில் சொல்லாமல் விடச் சொல்லும் ஆப் எனக்கு வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்தில் மர, துணிப் பொருட்களுக்கு முழு மதிப்பெண். தையல் பிரியவில்லை, நிறம் போகவில்லை. ஆனால் மேளத்தின் பேட்டரி மூடி ஸ்குரூ இல்லாமல் அழுத்தித் திறக்கும் வகை, உள்ளே பட்டன் பேட்டரி. குழந்தைகள் பொருளில் இது மன்னிக்க முடியாத குறை. பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துவிடும், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன், மூன்றாவது மெயிலுக்குத்தான் பதில் வந்தது, ஸ்குரூ வைத்த மேளத்தை மாற்றிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே வாங்கிய மற்றவர்களுக்குச் சொன்னீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. உங்களிடம் பழைய மேளம் இருந்தால் இன்றைக்கே பேட்டரியை எடுத்துவிடுங்கள்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முழு இரண்டு வருடச் சந்தா தேவையில்லை. முதல் பெட்டியும் எட்டு மாதப் பெட்டியும் தனியாகக் கிடைத்தால் அவை மட்டும் போதும், ஒரு வயதுக்குப் பிறகு வரும் பெட்டிகளில் பாதி, வீட்டில் கிடைக்கும் மூடி, டப்பா, துணி, அட்டைப்பெட்டி செய்யும் வேலையைத்தான் செய்கின்றன. கெட்டியட்டைப் படப் புத்தகங்களை மட்டும் தனியாகக் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியில் அவை மிகக் குறைவு. ஏற்கெனவே சந்தாவில் இருப்பவர்கள் நிறுத்துவதானால் அடுத்த பெட்டி தேதிக்கு இரண்டு வாரம் முன்பே ஆப்பில் போய் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் தானாகப் பணம் எடுத்துக்கொள்வார்கள். அந்த நிறுத்தும் பட்டன் 'என் குழந்தை' என்ற பக்கத்தில் கடைசியில் இருக்கிறது, 'கணக்கு' பக்கத்தில் தேடினால் கிடைக்காது.